கூப்பிட்டவர் இல்லாத மீட்டிங்

“இந்த மீட்டிங்கை எல்லார் காலண்டர்லேருந்தும் தூக்கிடுங்க. இன்னிக்கே.”

புது மேனேஜரம்மா சொன்னதும் ஐடிக்காரர் தயங்கினார்.

“மேடம், அது பெரியப்பா போட்டது...”

பெரியப்பா என்றால் யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம். போன வருடம் ரிட்டயர் ஆன சூப்பர்வைசர். வியாழக்கிழமை மதியம் சின்ன ரூமில் ‘சும்மா பேசலாம்’ என்று வாராவாரம் தானாக வருகிற மாதிரி ஒரு மீட்டிங் போட்டு வைத்திருந்தார். அவர் போய்விட்டார், மீட்டிங் போகவில்லை. வியாழனானால் எல்லோர் திரையிலும் அவர் பெயர் எட்டிப் பார்க்கும். எல்லோரும் போய் உட்கார்ந்து அவரைப் பற்றியே பேசுவார்கள்.

“போட்டவர் மெயிலையே மூடியாச்சு. இப்ப இதுல எதையும் மாத்த முடியல. பதில் அனுப்பினா திரும்பி வருது. தூக்குங்க.”

தூக்கினார். பிறகென்ன, செக்‌ஷனே கொதித்தது.

“கல்நெஞ்சுக்காரி!” என்றார் கேஷியர் அக்கா. கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. “பொண்ணுக்கு ஜுரம்னு நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, ‘நீ கிளம்பும்மா, நான் பாத்துக்கறேன்’ம்பாரு. அந்த மாதிரி மனுஷனை இனி எங்க பாக்கப்போறோம்?”

“அவர் ஜோக்கைச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தோம். அதுலயும் மண்ணு,” என்றார் ஸ்டோர்கீப்பர். “வாங்க, நேராவே கேட்டுடுவோம்.”

இருவரும் மேனேஜரம்மா ரூமுக்குள் நுழைந்தார்கள்.

“மேடம், அவர் ஞாபகமா எங்களுக்கு இருந்தது அது ஒண்ணுதான்.”

“உட்காருங்க. நேத்து பென்ஷன் விஷயமா இங்க வந்திருந்தார்.”

“யாரு, பெரியப்பாவா? எங்களைப் பாக்காமலே போயிட்டாரா?”

“வேலை நேரத்துல தொந்தரவாம். ‘வியாழக்கிழமை இன்னும் உட்கார்றாங்களாம்மா?’ன்னு கேட்டார். ஆமான்னேன். அப்படிச் சந்தோஷப்பட்டார். அப்புறம் மெதுவா, ‘நான் வந்தா ஏதாவது நினைச்சுக்குவாங்களா?’ன்னார்.”

இருவரும் இப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்கள்.

“அவர் வீடு ரொம்ப தூரமோ?”

“இல்ல மேடம்...” கேஷியர் அக்கா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். “பின்னாடித் தெருதான்.”

மேனேஜரம்மா கம்ப்யூட்டரில் எதையோ அழுத்தினார். இருவர் போனும் ஒரே நேரத்தில் சிணுங்கின. அதே வியாழன், அதே சின்ன ரூம், அதே ‘சும்மா பேசலாம்’. கூப்பிட்டிருந்தவர் மேனேஜரம்மா.

“பழசுல அவரைச் சேர்க்க வழியில்லை. அதான் புதுசாப் போட்டேன். காலையிலேயே அவர் வீட்டு மெயிலுக்கு அனுப்பினேன், உடனே ‘வர்றேன்’னு பதில் போட்டுட்டார்,” என்றார் மேனேஜரம்மா. “நீங்க வர்றீங்களா?”