பாதி மாத்திரை

ஒன்டாரியோவின் நவம்பர் வெயில் சமையலறை மேசைமேல் வெளிறிக் கிடக்கிறது. மர்ரி போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். வாசலில் வீடுபோலத் தங்கிக்கொள்ளும் டிரெய்லர் வண்டி ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பத் தயாராக நிற்கிறது. குளிர்காலம் முழுக்க வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, அவர் மனைவி லோர்னா இப்போதுதான் சாவியைப் பக்கத்து வீட்டில் இருக்கும் என் கையில் கொடுத்தாள். எல்லை தாண்டினால் கனடாவின் இலவச மருத்துவம் கிடையாது; காப்பீடு இல்லாமல் போகமுடியாது. மர்ரியின் நோய்ப்பட்ட இதயத்துக்கு மற்றக் கம்பெனிகள் கேட்ட பயணக் காப்பீட்டுத் தொகைக்கு அந்த டிரெய்லரையே விற்கவேண்டும். கட்டுப்படியாகிற விலை சொன்னவள் போனில் இருக்கும் இந்தக் காப்பீட்டுக் கம்பெனிப் பெண் ஒருத்திதான். "கடைசி மூணு மாசத்துல மருந்து ஏதாவது மாத்தினாங்களா சார்?" மர்ரியின் முகம் மலர்கிறது. "ஹார்ட் நல்லாத் தேறிடுச்சும்மா. நேத்துதான் டாக்டர் மாத்திரையப் பாதியாக் குறைச்சார்." மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நிற்கிறது. "அப்ப ஹார்ட்டுக்குக் காப்பீடு கிடையாது சார். கூட்டினாலும் குறைச்சாலும் எங்களுக்கு அது மாற்றம்தான்." லோர்னாவின் காப்பிக் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நிற்கிறது. "தேறினது தப்பா?" என்கிறார் மர்ரி. லோர்னா போனை நோக்கிக் குனிகிறாள். "நாளையிலேருந்து பழையபடி முழு மாத்திரை போட்டுக்கிட்டா?" "அதுவும் மாற்றம்தான் மேடம். அன்னையிலேருந்து திரும்ப மூணு மாசம் ஆகணும்." டாக்டர் சொன்னதைக் கொண்டாட நேற்று மூவருமாக வெட்டிய கேக்கில் ஒரு துண்டு இன்னும் தட்டில் இருக்கிறது. அதன் பக்கத்தில் சாவியைச் சத்தமில்லாமல் வைக்கிறேன். இருவருமே அதைப் பார்க்கிறார்கள். யாரும் எடுக்கவில்லை.