தனி அடுப்பு

"ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பந்தான் இருக்கணும். உன் கொழுந்தன் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால குடிசை போட்டு, தனியா அடுப்பு மூட்டணும். சீக்கிரம்."

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம் வாசலில் நின்றபடியே சொன்னார்.

ராக்கம்மா பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"என்னங்கய்யா, புதுச் சட்டமா?"

"வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். வீட்டுல கூட்டம் சேந்தா சீக்கு வரும்."

"வெள்ளைக்காரனே ஓடிட்டான். அவன் சட்டம் மட்டும் ஓடலையாக்கும்!"

கிராணி சிரிக்கவில்லை.

"மார்த்தா வீட்டுல ஒரு பட்டாளமே இருக்கே, அங்க போய்ச் சொல்றதுதானே?"

"அங்க ஆம்பளை கிடையாது."

"பொம்பளைங்கன்னா சீக்கு வராதா? நல்ல சட்டம்லா!"

கிராணி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயும் இதே பேச்சு.

ராக்கம்மாவும் ஓரகத்தி வள்ளிநாயகியும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி. ஒருத்தி பால்வெட்டப் போனால் இன்னொருத்தி எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்ததிலிருந்து அரிசி ஏது? மரவள்ளிக்கிழங்கை ஒரே சட்டியில் போட்டால்தான் எல்லார் வயிற்றுக்கும் எட்டும்.

குடிசை எழும்பியது. அழுதுகொண்டே சட்டியைத் தூக்கிப் போனாள் வள்ளி.

"சிரம்பான்லேருந்து ஜப்பான் அதிகாரி வரட்டும். கிராணி பண்ற அநியாயத்தைச் சொல்லி, இந்தக் குடிசையைப் பிரிக்க வைக்கலேன்னா பாரு!"

"வாயை வச்சிக்கிட்டு சும்மா இருடி" என்றான் புருஷன் தங்கராஜு.

சும்மா இருக்கிறவளா ராக்கம்மா?

அதிகாரி வந்தார், பின்னாலேயே இரண்டு லோரியும். தினமும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். ராக்கம்மா பிள்ளையோடு விறுவிறுவென்று முன்னால் போனாள்.

"ஐயா, குடிசை விஷயமா ஒரு புகார்!"

கிராணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

அதிகாரியின் பேச்சைத் தமிழில் சொல்ல வந்த ஆள் கையமர்த்தினார். "இரும்மா. முதல்ல உத்தரவைக் கேளு."

தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகச் சொன்னார்.

"சயாமுல ரயில் பாதை போடறாங்க. ஒரே அடுப்புல சாப்பிடற ஆம்பளைங்க ரெண்டு பேர் இருந்தா, ஒருத்தர் லோரியில ஏறணும். ஒரு அடுப்புக்கு ஒரே ஆம்பளைன்னா வேணாம்."

பக்கத்துத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களைப் பற்றி இன்றுவரை ஒரு சேதியும் இல்லை.

ராக்கம்மா திரும்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் தங்கராஜு தனியாக. தள்ளி, வள்ளிக்குப் பக்கத்தில் கொழுந்தன் அர்ச்சுனன் தனியாக. கிராணி தலையைக் குனிந்து நின்றார்.

"புகார்னியே, என்னம்மா அது?"

ராக்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வள்ளியைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அந்தக் குடிசைக்காரி அடுப்புப் புகை பூரா என் வீட்டுக்குள்ளதான் வருதுங்க. கிராணி ஐயாகிட்டச் சொல்லி, இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லுங்க!"