கொடி ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம்

“படம் வரைஞ்சவன் சாட்சி சொல்ல வருவானாம்மா?”

பதினோராவதாக நின்றவளிடம் கேட்டுவிட்டு, கால்வாய் அதிகாரி தானே சிரித்துக்கொண்டார்.

காலையிலிருந்து கால்வாய்க் கரைக்காரர்கள் பதினோரு பேர் பழைய ஓவியங்களின் நகலோடு வந்துவிட்டார்கள். ‘பாருங்க, எங்க வீடு அப்பவே இருக்கு’ என்று ஆளாளுக்கு விரலை வைத்துக் காட்டினார்கள். பதினொன்றிலும் ‘நிராகரிக்கப்பட்டது’ முத்திரை விழுந்தது. திங்கட்கிழமை வீடுகளை இடிக்க இயந்திரம் வருகிறது.

பன்னிரண்டாவதாக வந்தவள் படகு ரிப்பேர்க்காரி. கை நிறையத் தார்க்கறை. பக்கத்தில் அவள் கொழுந்தன்.

“ஓவியம் ஆவணமா, இல்லியா? அதை மட்டும் சொல்லுங்க சார்.” ஒரு படத்தை மேஜைமேல் வைத்தாள்.

“அண்ணி, இது வந்து...” என்று ஆரம்பித்த கொழுந்தனின் காலை மிதித்தாள்.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “கொடி இந்தப் பக்கம் பறக்குது, பாய் அந்தப் பக்கம் உப்பியிருக்கு. ஒரே படகுக்கு ரெண்டு காத்தா? இவன் கால்வாயைக் கண்ணால பார்த்திருக்கவே மாட்டான். வீட்ல உக்காந்து கதை விட்டிருக்கான்!”

“நூத்திப்பத்து வருஷத்துப் படம் சார்.”

“பொய்க்கு வயசானா உண்மையாயிடுமா?”

“வாயால சொன்னா ஆச்சா? எழுதிக் குடுங்க.”

“என்னம்மா, மிரட்டுறியா?”

“பயமா இருந்தா வேண்டாம் சார்.”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரிக்கு அது போதுமானதாக இருந்தது. படத்தின் மேலேயே எழுதினார்: ‘வெறும் கற்பனை. இதை நம்பி எந்த முடிவும் எடுக்க இயலாது.’ கையெழுத்துப் போட்டார். முத்திரையை டொம்மென்று குத்தினார்.

“நாளைக்கு மேலிடத்துல கேட்டாலும் இதையேதான சொல்லுவீங்க?”

“இதையேதான். கிளம்பு!”

அவள் கிளம்பவில்லை. படத்தைத் திருப்பி, பின்பக்கம் அச்சடித்திருந்ததை வரிசை முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.

“‘இணைப்பு ஒன்று. இந்த ஓவியத்தின் அடிப்படையில், கரையில் அக்காலத்தில் வீடுகளே இல்லை என உறுதிசெய்யப்படுகிறது.’ போன வாரம் எங்களுக்கு வந்த இடிப்பு நோட்டீஸோட நீங்க வெச்சு அனுப்பின படம் சார் இது.”