பூங்காவனத்தின் சம்மதம்

தெருவை ஒட்டி ரசாயன ஆலை வருவதை எதிர்த்துப் பேசப் பூங்காவனம் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனாள். அதிகாரி கணினித் திரையைப் பார்த்தார்.

"உங்க சம்மதம் ஏற்கெனவே பதிவாயிடுச்சும்மா. வீட்டுல பேசுறதையெல்லாம் கேட்டுப் பதிவு பண்ணுற உங்க பேச்சுப்பெட்டி அனுப்பியிருக்கு."

"நான் எப்ப சார் சம்மதிச்சேன்?"

அவர் பொத்தானை அழுத்தினார். அவள் குரலே கேட்டது: "அழாதடா. ஒரு கம்பெனி வந்தா உனக்கும் வேலை கிடைக்கும்."

"அது எம்புள்ளையத் தேத்துறதுக்குச் சொன்னது சார். எனக்கு ஆலை வேணாம்."

"கூட்டத்துல பேசுறது நடிப்பா இருக்கலாம்மா. வீட்டுல பேசுறதுதான் உண்மையான கருத்துன்னு சட்டம் சொல்லுது."

அவள் வீடு திரும்பியதும் மகன் கதிரேசன், "என்னம்மா ஆச்சு? ஏன் அழுவுற?" என்று கேட்டான். பூங்காவனம் பேச்சுப்பெட்டியைப் பார்த்துப் பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை.