அரை விநாடி

நெற்றியில் பட்டையை மாட்டிவிட்டு, அசையாமல் உட்காரச் சொன்னார் பயிற்சியாளர்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுக்கும் ஆறு பேர், மேல்மாடிக் கூட்ட அறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய மூளை அலைகள் சுவர்த் திரையில் ஆறு கோடுகளாக ஓடின. ஐந்து கோடுகள் ஏறி இறங்கின. ஓரத்துக் கோடு மட்டும் காற்றில்லாத நாளின் குளம் மாதிரி கிடந்தது.

அது, எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்தவளின் கோடு.

பத்தொன்பது வருட சர்வீஸ். தலையில் இடி விழுந்தாலும் 'எந்த இடத்துல விழுந்துச்சு, சரியாச் சொல்லுங்க' என்று கேட்பாள் என மற்றவர்கள் கேலி பேசுவார்கள்.

பயிற்சியாளர் மூன்று மாதமாக வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்தார். மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. பயம் வந்தால் அது மணி அடிக்கும். மணி அடித்தால் யோசிக்கிற பகுதி கதவைச் சாத்திக்கொள்ளும். மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விட்டால் மணி அடங்கும். அவர் சொல்லித்தந்தது இவ்வளவுதான். வேலையும் பிசகாது, வீட்டுக்குப் போனால் தூக்கமும் வரும் என்பார்.

அன்று ஓர் அழைப்பின் பதிவைப் போட்டார். போன மாதம் வந்தது. பெயர், முகவரி எல்லாம் நீக்கப்பட்டிருந்தன.

ஓர் ஆணின் குரல் பதறியது. பெரியவர் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார், மூச்சில்லை. "மாமா, மாமா" என்று அவன் நடுநடுவே கூப்பிட்டான்.

எதிரே ஒரு பெண் குரல். அவரைத் தரையில் படுக்க வைக்கச் சொன்னது. நெஞ்சின் நடுவில் கைகளை வைக்கச் சொன்னது. பிறகு எண்ணத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

அது அக்காவின் குரல் என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவள் பெருமையாக அவள் முழங்கையை இடித்தாள்.

நான்காவது நிமிடத்தில் அவன் குரல் உடைந்தது. "இவரு பொண்ணு வேலைக்குப் போயிருக்கா மேடம். அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

பதிவில் ஒரு சிறு இடைவெளி.

"அதை அப்புறம் பார்த்துக்கலாம் சார். இப்பக் கையை எடுக்காதீங்க. ஒண்ணு, ரெண்டு..."

ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை, ஒன்பது நிமிடம், அந்தக் குரல் ஒரே சீராக எண்ணியது.

பயிற்சியாளர் பதிவை நிறுத்தினார். அந்த இடைவெளியை அவர் அளந்தே வைத்திருந்தார். அரை விநாடி. மணி அடிக்கவும், அது அடங்கவும், யோசனை திரும்பி வரவும் அக்காவுக்கு அவ்வளவுதான் ஆனது என்றார். திரையைக் காட்டினார். பதிவு ஓடியபோதும் அவள் கோடு அசையவில்லை.

அந்த அரை விநாடியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

மூச்சை வெளியே விட்டதாகச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

இடைவேளையில் பட்டையைக் கழற்றிவிட்டு நடைக்கு வந்தாள். கைபேசி அதிர்ந்தது. கணவன்.

நாலு நாளைக்கு ஒருமுறை அவன் கேட்பதுதான். அன்றைக்குப் போனில் பேசிய மேடம் யாரென்று தெரிந்ததா? அவள் வேலை பார்க்கிற இடம்தானே, விசாரித்தால் தெரியாதா? மாமா பிழைக்காவிட்டாலும் கடைசிவரை தன் கையை நிற்க விடாதவர், நேரில் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும்.

விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்தாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். வீட்டில் அவள் பேச்சு படபடவென்று பொரியும். ஹெட்போனுக்குள் பேசும் அந்தக் குரலை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கோ, அந்த அழைப்பில் அவன் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. திரையில் வந்த எண்ணைப் பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை. நான்தான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் கை அங்கேயே நின்றுபோயிருக்கும்.

போன மாதம் அந்த அழைப்பு முடிந்து இருபது நிமிடத்தில், ஆம்புலன்ஸில் போனவர்கள் பதிந்த முடிவு அவள் மேசைத் திரையில் வந்தது. இரண்டே சொல். அதைப் படித்துவிட்டு, மணி அடித்த அடுத்த அழைப்பை எடுத்தாள்.

அன்று வேலை முடிந்து வெளியே வந்தபோது கணவன் வாசலில் நின்றிருந்தான். போனில் சொல்ல மனமில்லாமல் நேரிலேயே வந்திருந்தான். எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பான் போலும். 'அப்பா' என்று தொடங்கியவன், அவள் முகத்தையே பார்த்தான்.

அவள் மூச்சை மெல்ல வெளியே விட்டாள்.

"அப்பாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டாள்.