சீமாட்டியின் நாற்காலி

ஜன்னலோர நாற்காலியில் மதிய வெயிலும் சீமாட்டியும் படுத்திருக்கிறார்கள். சாக்கடைக் குழாயிலிருந்து என் அக்கா மீட்டுவந்த மூன்றுகால் பூனை அவள். வந்து மூன்று மாதமாக அலமாரிக்கு அடியிலேயே கிடந்தவள், இன்றுதான் முதல் முறையாக, அக்காவின் காபிக்கடை நிறைய ஆள் இருக்கும்போது, மல்லாந்து வயிற்றைக் காட்டித் தூங்குகிறாள். இரைச்சல் போடும் காபி இயந்திரத்தை நிறுத்திவிட்டு அக்கா பாத்திரத்தில் பால் காய்ச்சுகிறாள். வேறு நாற்காலி காலியில்லை. உள்ளே வந்த லாரி டிரைவர் ஒருவர் சீமாட்டியைத் தூக்கக் குனிகிறார். “தொடாதீங்கண்ணே!” அக்காவின் குரல் மெதுவானதுதான், ஆனால் சுள்ளென்று விழுகிறது. “இங்க யாரும் இவங்களைத் தூக்கக் கூடாது, எழுப்பவும் கூடாது.” “அப்ப நான் எங்கம்மா உக்கார்றது?” “நின்னுக்கிட்டே குடிங்க. பிடிக்கலைன்னா எதிர்க்கடைல காபி நல்லாவே இருக்கும்.” அவர் அக்காவை முறைக்கிறார், பூனையை முறைக்கிறார், பிறகு கோப்பையை வாங்கிக்கொண்டு நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் நடுவில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அந்த அகன்ற உடம்பின் நிழல் சீமாட்டியின் முகத்தில் விழுகிறது. சுருங்கியிருந்த அவள் இமைகள் தளர்கின்றன. இருக்கிற ஒற்றை முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, இன்னும் ஆழமாகத் தூங்குகிறாள். டிரைவரின் காபி தீர்ந்து வெகுநேரம் ஆகிறது. மூலையில் ஒருவர் எழுந்து போகிறார். “அண்ணே, இடம் காலியாயிடுச்சு, வந்து உக்காருங்க,” என்கிறாள் அக்கா. அவர் அசையவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பூனைக்குக் கேட்காத குரலில் சொல்கிறார்: “நான் நகந்தா அவ மூஞ்சில வெயில் அடிக்கும்மா.”