அசல் எலுமிச்சை

வேலியோர எலுமிச்சை மரத்துக்கு மூக்குக்கு மேல் கோபம். பக்கத்துப் பாத்தியில், கலப்பு விதையில் முளைத்த கஞ்சாச் செடி எலுமிச்சை வாசனையிலேயே கமகமத்தது.

"அடியே, என் வாசனையைத் திருடிக்கிட்டு என் எதிரிலேயே மினுக்குறியா? மரியாதையா கீழே வை!"

"கோவிச்சுக்காதீங்க அக்கா, பொறக்கும்போதே வந்தது."

அப்போது தோட்டக்காரன் வந்தான். எதை விதைக்கு வைப்பது, எதைப் பிடுங்குவது என்பதை இலையைக் கசக்கி முகர்ந்துதான் அவன் முடிவு செய்வான். கஞ்சா இலையைக் கசக்கினான். "அடேங்கப்பா, அசல் எலுமிச்சை!"

"கேட்டியாடி? என் பேரைத்தான் சொல்றான்!" என்று நிமிர்ந்தது மரம்.

அதே கையோடு அவன் எலுமிச்சை இலையையும் கசக்கி முகர்ந்தான், முகம் சுளித்தான். "இதுல அந்த அளவுக்கு இல்லையே! நாளைக்கு வெட்டிட வேண்டியதுதான்."

அவன் தலை மறைந்ததும் மரம் மெல்லக் குனிந்தது. "தங்கச்சி, உன் வெயிலை மறைக்காம கிளையை ஒதுக்கிக்கிறேன். விடியறதுக்குள்ள உன் வாசனையை என் இலை மேல கொஞ்சம் உரசி விடேன், கண்ணு!"